மாமியின் நான்கு நாவல்களும் ஒரு பெட்டி மீனும்

அப்பாவின் தங்கையான என் மாமி நான் பள்ளிக்குப் போன காலத்திலேயே நான்கு நாவல்கள் எழுதி முடித்திருந்தார். ஒன்றில் மனிதர்கள் நிலவில் குளம் வெட்டி நெல் விதைத்தார்கள். இன்னொன்றில் வவுனியாவில் இன்று புறப்படும் பஸ் நேற்றே கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தது. மூன்றாவதில் யானைகளோடு பேசும் அரசி. நான்காவதில் எங்கள் ஊர் இரணைமடுக் குளத்தின் அடியில் வாழும் ஒரு மிருகம்.

கிளிநொச்சியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்த மாமி, ஊராரின் விண்ணப்பங்களுக்கு இடையில் இவற்றைத் தட்டச்சு செய்து கடை அலுமாரிக்குள் அடுக்கினார். பதிப்பகங்கள் பதில் போடவில்லை. வீட்டில் எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள், ஒருவரும் வாசிக்கவில்லை.

நான் மட்டும் நான்காவதில் ஓர் அத்தியாயம் வாசித்தேன். மிருகம் உதிர்க்கும் செதிலைக் குளத்து மீன்கள் தின்னும். அந்த மீனைச் சாப்பிட்டவர்கள் மனதில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். ஏழாம் வகுப்பில் இருந்த எனக்கு அது பிடித்துப்போயிற்று. மாமி சாப்பிடப் போன நேரம் முப்பது பிரதிகள் எடுத்து வகுப்பில் கொடுத்தேன். கதை என்று மேலே போட மறந்துவிட்டேன்.

அன்றிலிருந்து என் வகுப்புப் பிள்ளைகள் குளத்து மீனைத் தொடவில்லை. அது பரவாயில்லை, பிரதிகள் வீடுகளுக்கும் போய்விட்டன. ஒரு வீட்டில் தாய் மீன் வாங்கியே தீருவேன் என்று நிற்க, தகப்பன் தனக்கு வயிறு சரியில்லை என்று படுத்துவிட்டாராம்.

ஒரு கிழமையில் மீன்காரர் வந்தார். மோட்டார் சைக்கிளில் பெட்டி நிறைய மீன், கையில் கசங்கிய பிரதி.

"தங்கச்சி, இதை எழுதின ஆள் நீங்களோ?"

மாமியின் முகம் மலர்ந்தது. "ஓம் அண்ணை. வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சன். ஒரு கிழமையா என்ர மீன் போகுதில்லை. உந்த மிருகத்தைச் சாக்காட்டுங்கோ."

நான் மெசினுக்குப் பின்னால் ஒளிந்தேன். மாமி என் பக்கம் ஒருமுறை பார்த்தார்; அவ்வளவில் எல்லாம் விளங்கிவிட்டது.

"அதெப்பிடி அண்ணை? கடைசியில அதுதானே குளக்கட்டைக் காப்பாத்தப்போகுது."

"அப்ப வேற குளத்துக்கு அனுப்புங்கோ. வவுனியாப் பக்கம்." சொல்லிவிட்டு அவரே தலையைச் சொறிந்தார். "வேண்டாம். அங்க என்ர மச்சான் மீன் விக்கிறவர்."

மாமிக்கு முதல் நாவலில் நிலவில் வெட்டிய குளம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் தட்டினார். மிருகம் தன் செதில்களையெல்லாம் பொறுக்கிக்கொண்டு நிலவுக்குப் பறந்து போனது. மேலே பெரிய எழுத்தில் கதை என்று போட்டு முப்பது பிரதிகள். கொடுத்து முடித்தது நான்தான். மீனும் விற்கத் தொடங்கியது.

இரண்டு கிழமை கழித்து மீன்காரர் மறுபடியும் வந்தார். ஒரு பை மீனை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"தங்கச்சி, அங்க அதுக்குத் தண்ணி போதுமோ? பாவம், தனிய அனுப்பிப்போட்டம். ரெண்டு நாளா உதே யோசனை."

நான் சத்தமாகச் சிரித்தேன். இல்லாத மிருகத்துக்காக இவ்வளவு பெரிய மனிதர் கவலைப்படுகிறாரே!

மாமி சிரிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து, ஒருவரும் தொடாத நிலவு நாவலை எடுத்துத் தூசு தட்டினார். கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்கோ அண்ணை, வாசிக்கிறன்." பிரதி எடுக்க வந்தவர்களைப் பிறகு வரச் சொன்னார். இரண்டாம் பக்கத்தில் மாமியின் கண்கள் நிறைந்துவிட்டன.

மாமி ஏன் அழுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. மீன் பழுதாகிவிட்டதாக்கும் என்று பையைத் திறந்து முகர்ந்து பார்த்தேன்.