ஒரு பச்சைச் சேலை

எமர்ஜென்சி முடிந்த மறு தை மாதம் எங்கள் பக்கமெல்லாம் ஒரே பேச்சு. தங்கைக்குப் பச்சைச் சேலை எடுத்துக் கொடுக்காவிட்டால் அண்ணன் உயிருக்கு ஆகாதாம். யார் சொன்னார்கள் என்று கேட்டால் எல்லோரும் பக்கத்து ஊரைக் கைகாட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்கு எரிச்சலாக இருந்தது. மோகனூரிலிருந்து அண்ணன் சேலையோடு திருச்செங்கோட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்.

"இந்தப் புரளிக்கெல்லாம் நான் சேலை கட்டமாட்டேன், எடுத்துட்டுப் போங்கண்ணா" என்றேன், அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்கவே.

அடுத்த வாரம் கரும்பு வண்டி கவிழ்ந்து அண்ணனுக்குக் கால் முறிந்தது. பார்க்கப் போன பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் கதையை எனக்கே சொன்னாள்.

"படிச்ச திமிருங்க. சேலையை அண்ணன் மூஞ்சில வீசிப்போட்டாளாம். அவன் அன்னைக்கே செத்துட்டானுங்க. அவளெல்லாம் ஒரு பொம்பளையா?"

நான் யாரென்று சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

"நீங்க செத்துட்டீங்களாமாண்ணா!"

கட்டிலில் கிடந்த அண்ணன் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, "அன்னைக்கே வாங்கியிருக்கலாமுல்ல சாமி" என்றார்.

அண்ணி அதே சேலையை எடுத்துவந்து என் மடியில் போட்டார். அதைக் கட்டிக்கொண்டுதான் ஊர் திரும்பினேன்.

கால் கூடிவிட்டது. தங்கை சேலை கட்டியதும் அண்ணன் எழுந்து நடந்துவிட்டான் என்று இப்போது சொல்லிக்கொள்கிறார்கள். நிஜமா என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள். நான் மறுப்பதில்லை. மறுத்தால் அண்ணன் காதுக்குப் போய்விடும்.