ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்த தலைவர்

மலேசியாவில் சுங்காய் பக்கம் எங்கள் பழைய தோட்டத்து மக்கள் கூடிய விளையாட்டு விழா. மதிய வெயிலில் கயிறு இழுத்துவிட்டு என் மனைவி தள்ளாடி வந்தாள். உடம்பு கொதித்தது, சட்டை பிழியும்படி நனைந்திருந்தது. நான் ஐஸ் தண்ணீர் எடுக்கப் போனபோது, விழாக் குழுத் தலைவர் பெட்டி மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

“சூட்டு உடம்புக்கு ஐஸ் குடுத்தா ஜன்னி வந்துரும்லா. தே ஓ பானாஸ் குடு. வேர்த்தா சூடு இறங்கிரும்.”

“அண்ணே, அவ ஏற்கனவே குளிச்ச மாதிரிதானே நிக்கிறா!”

அவர் நகரவில்லை. வேறு வழியில்லாமல் நான் வாங்கிக் கொடுத்த அந்தச் சூடான தேநீரைக் குடித்தவளுக்கு இன்னும் வேர்த்தது. காற்றில்லாத புழுக்கத்தில் ஒரு துளிகூடக் காயவில்லை. சற்று நேரத்தில் புல்லில் சாய்ந்தாள். தலைவரைத் தள்ளிவிட்டு, ஐஸ் தண்ணீரை அவள் தலையிலும் கழுத்திலும் ஊற்றி, கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அங்கே டாக்டர் என்னைத்தான் திட்டினார். “வேர்வை காஞ்சாதான் உடம்பு குளிரும். இந்தப் புழுக்கத்துல சூடா குடுத்து என்ன புண்ணியம்? மயக்கம் வர்றதுக்கு முன்னாடியே குளுகுளுன்னு குடுத்திருக்கணும்.”

மனைவி பிழைத்தாள். மறுநாள் தலைவர் போன் செய்தார்: “ஜன்னி ஏதும் வரலியே?”

இப்போதெல்லாம் திடலுக்குக் குளிர்ந்த தண்ணீரை நானே கொண்டுபோகிறேன். வெயிலில் ஆடி வருபவர் கையில் முதலில் அதைக் கொடுக்கிறேன். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.