சாம்பிராணி மணத்த விதை வெங்காயம்

தெல்லிப்பழைப் பக்கத்துத் தோட்டக்காரருக்குள் தம்பிஐயாவைத் தெரியாத ஆள் இருந்தால், அந்த ஆள் மண்வெட்டி பிடியாத ஆளாய்த்தான் இருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். தகப்பன் வைத்துவிட்டுப் போன முதுசம் என்று ஒரு பிடி மண் கிடையாது. மற்றவன்ரை தோட்டத்தில் கூலிக்கு வாய்க்கால் தண்ணி மாறி, பிறகு குத்தகைக்குச் செய்து, பிறகு செம்மண் காணியைத் தன்ரை பேரில் எழுதி, அதுக்குள் கல்வீடும் கட்டின மனுசன். கையெழுத்துப் போட அவருக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஆனால் ஒரு வெங்காயத்தை விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்து, இது முளைக்கும், இது முளையாது என்று சொல்ல இமை கொட்டுகிற நேரம் காணும்.

அவருடைய பெருமை எல்லாம் விதை வெங்காயத்தில்தான். வருசா வருசம் தானே பொறுக்கி, தானே கட்டித் தூக்கி, தானே பெருக்கின விதை. சந்தையில் விதை வாங்கி நடுகிறவனைத் தோட்டக்காரன் என்று அவர் கணக்கில் எடுப்பதில்லை. "விதை கையிலை இல்லாதவன் கூலிக்காரன். காணி கிடந்தாலும் கூலிக்காரன்தான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

தொண்ணூறாம் ஆண்டு ஷெல்லடியில் ஊர் எழும்பினபோது சனம் நகைநட்டு, காணி உறுதி, தையல் மெசின் என்று ஏற்றிக்கொண்டு ஓடியது. தம்பிஐயா தன் லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டி நிறைய விதை வெங்காயத்தை ஏற்றினார்.

"இஞ்சருங்கோ, கட்டிலை விட்டிட்டு வெங்காயத்தை ஏத்துறியளே" என்றாள் மனுசி கனகாம்பிகை.

"கட்டில் முளைக்குமே?" என்று கேட்டுவிட்டு அவர் மெசின் கயிற்றை இழுத்துக் கிளப்பினார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தது கொடிகாமம். அங்கே கனகாம்பிகையின் ஒன்றுவிட்ட தங்கச்சி பாலேஸ்வரி இருந்தாள். புருசன் வவுனியாவில் வேலை. பாதை பூட்டினதில் அந்தப் பக்கம் அகப்பட்டுப் போனான். அவள் தன் வீட்டில் நெல் போடுகிற அறையை ஒதுக்கிக் கொடுத்தாள். நல்ல மனம், வாய்தான் கொஞ்சம் ஓடும்.

அறையோ சின்னது. தம்பிஐயா, கனகாம்பிகை, மகள்மார், வளர்ந்த பெட்டையள் இரண்டு பேர். எல்லாரும் பாய் விரித்தால் கால் வைக்க இடமில்லை. ஒரு மூலையில் அடுப்பு. வடக்கே ஒரு சின்ன யன்னல், தெற்கே வளவுக்குள் இறங்குகிற கதவு. கிழக்குச் சுவருக்கு அங்காலே பாலேஸ்வரியின் சாமி அறை. வீட்டின் ஈசான மூலையில் முறைப்படி வைத்துக் கட்டினது. நடுச்சுவர் கூரை முட்ட எழும்பவில்லை. மேலே ஒரு முழ இடைவெளி.

விதை வெங்காயம் அந்த வெயில் காலம் முழுக்க மாட்டுக்கொட்டிலில் கொடி கட்டித் தொங்கியது. தம்பிஐயா பக்கத்தில் ஒரு துண்டுக் காணி குத்தகைக்குப் பேசி, தையில் நட எல்லாம் ஆயத்தம் பண்ணிவிட்டார். ஐப்பசி பிறந்ததும் மழை இறங்கியது. கொட்டில் கூரை ஒழுகியது. நனைந்தால் விதை போச்சு. விதை போனால், வேறொருவன்ரை தோட்டத்தில் தண்ணி மாறினாரே, அந்த இடத்துக்கே திரும்பிப் போகவேணும்.

அறைக்குள் கொடி கட்டுவோம் என்று பார்த்தால் கூரை பதிந்து தாழ்வாய் நின்றது; பெட்டையள் எழும்பி நின்றால் வெங்காயம் தலையில் இடிக்கும். அதோடு கந்தசஷ்டியும் வந்துவிட்டது. பாலேஸ்வரி ஆறு நாளும் விரதம் பிடிக்கிறவள். சஷ்டிக்கு அவள் வீட்டில் வெங்காயம், உள்ளிப்பூண்டு என்ற பேச்சே கிடையாது.

"அத்தான், உங்கடை வெங்காயம் உங்கடை அறைக்குள்ளை இருக்கட்டும். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் மணம் என்ரை சாமி அறைக்கு வரப்படாது. வந்தால் கொட்டிலுக்குத்தான் கொண்டு போகோணும், சொல்லிப்போட்டன்."

"மணம் வராது பிள்ளை. தம்பிஐயா ஒரு வேலை செய்தால் அதிலை ஓட்டை இராது" என்றார் அவர்.

அடுத்த நாள் சந்தைக்குப் போனார். சந்தை மூலையில் யாகப்பு என்றொருவன் வெறும் பெட்டி விற்கிறவன். இடம்பெயர்ந்த சனத்துக்கு அலுமாரியும் அவனுடைய பெட்டிதான், மேசையும் அவனுடைய பெட்டிதான்.

"என்னத்துக்கண்ணை பெட்டி?"

"ஒண்டுக்கு மேலை ஒண்டு ஆடாமல் நிக்கோணும். உள்ளுக்கை இருக்கிறதின்ரை மணம் வெளியிலை வரப்படாது."

"அப்பிடியெண்டால் பிரேதப் பெட்டிதான் அண்ணை."

"உன்ரை அளவுக்கு ஒண்டு இருந்தால் எடுத்து வை. இப்ப மற்றதைக் காட்டு."

தம்பிஐயா பெட்டி பார்த்த விதத்தை நாலு பேர் நின்று பார்த்தார்கள். விரல் முட்டியால் தட்டினார். தரையில் வைத்து மூலைக்கு மூலை அமத்தி ஆட்டம் பார்த்தார். ஏறிக் குந்தினார். கடைசியில் தலையை உள்ளுக்கு விட்டு மணந்தும் பார்த்தார். சவுக்காரப் பெட்டி உறுதிதான், ஆனால் ஒடுக்கம். மீன் பெட்டி வாட்டசாட்டமாய் இருந்தது. "உதைக் கொண்டு போனால் பாலேஸ்வரி என்னையும் சேத்து வெளியிலை போடுவாள்" என்று தள்ளிவிட்டார். யாகப்பு விதை உருளைக்கிழங்கு வருகிற பெட்டியைக் காட்டினான். இடைவெளி விட்டு அடித்த பலகைச் சலாகை, நாலு மூலையிலும் விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற கட்டை. அந்தக் கட்டையில்தான் மேல் பெட்டி குந்தும்.

"உதிலை வெங்காய மணமென்ன, எங்கடை குடும்பக் கதையே வெளியிலை போகும்" என்று சொல்லி அதையும் தள்ளினார்.

அவர் எடுத்தது தேயிலைப் பெட்டி. மெல்லிய பலகை, விளிம்பெல்லாம் தகரம், உள்ளே வெள்ளி மாதிரி மினுங்குகிற ஈயத்தாள். மூடியைப் போட்டு ஆணி அடித்தால் காற்றும் போகாது, மணமும் வராது.

வீட்டுக்குக் கொண்டு வந்து, வெங்காயத்தைப் பிடி பிடியாய் அடுக்கி, மூடி அடித்து, சுவரோடு சுவராய் நெஞ்சளவுக்கு அடுக்கினார். மேலே கனகாம்பிகையின் பழைய சீலையொன்றை விரித்து, மணிக்கூட்டையும் விளக்கையும் வைத்தார். பாய் விரிக்க இடம் தாராளமாய் வந்தது. பெட்டையளுக்கும் சந்தோசம். பிறகும் ஒரு பாதுகாப்புக்கு யன்னலைப் பூட்டினார், கதவையும் சாத்தினார்.

"கொழும்பிலை பங்களாக்காரனிட்டையும் இப்பிடி ஒரு அலுமாரி இராது" என்றார்.

சஷ்டி தொடங்கி நடுவில் ஒரு மத்தியானம், மடித்த உடுப்பை எடுத்து வைக்கப் போன கனகாம்பிகை பெட்டியில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"இஞ்சருங்கோ, பெட்டி காயுது."

"பெட்டி என்னெண்டு காயும்?"

"காய்ச்சல்காரன்ரை நெத்தி மாதிரிக் காயுது. வந்து பாருங்கோவன்."

தம்பிஐயா கத்தி முனையை உள்ளே விட்டு மூடியை நெம்பினார். குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது. ஈயத்தாள் முழுக்க வேர்வை முத்து முத்தாய் நின்றது. அடியில் கிடந்த பிடிகள் கைபட்டதும் நழுவின.

"வெங்காயத்துக்குக் காத்து வேணுமெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச மனுசன்" என்றாள் கனகாம்பிகை.

"கதையாதை. சுளகை எடு."

ஆணி எல்லாம் கழன்றது. பெட்டையளும் குந்திக்கொண்டு பொறுக்கினார்கள். அழுகினது ஒரு பக்கம், தப்பினது ஒரு பக்கம். முக்காற் பங்கு தப்பியது. ஆனால் பூட்டின அறைக்குள் திறந்துவிட்ட வெங்காயத்தின் மணம் எங்கே போகும்? சுவருக்கு மேலாலே நேரே சாமி அறைக்குத்தான் போனது.

"அத்தான்" என்று அங்காலிருந்து குரல் வந்தது. "நான் விரதகாரி எண்டது நினைவிருக்கோ?"

"இருக்குப் பிள்ளை, இருக்கு."

"நாளைக்குக் காலமை நான் பூசைக்கு வரேக்கை உது உங்கை இருக்கப்படாது. கொட்டிலுக்குக் கொண்டு போங்கோ. ஏலாதெண்டால் வேறை இடம் பாருங்கோ. நான் முருகனோடை வழக்காடேலாது."

வெளியே மழை இரைந்தது. கொட்டில் தரையில் தண்ணீர் நின்றது. கனகாம்பிகை அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் எழும்பிக் கதவைத் திறந்தார். அடுப்பில் கிடந்த ஈர விறகின் புகை, இவ்வளவு நேரமும் கூரைக்குள் சுழன்றது, கதவு திறந்ததும் கயிறு கட்டி இழுத்த மாதிரி வளவுக்குள் ஓடியது. தம்பிஐயா யன்னலையும் திறந்தார். புகை இன்னும் விசையாய் ஓடியது.

"வாடைக்காத்து பிறந்திட்டுது" என்றார். அவருடைய வாயில் சிரிப்பு வந்தது. "கனகம், தேத்தண்ணி வைச்சிரு. நான் சந்தைக்குப் போட்டு வாறன்."

யாகப்பு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணை, எனக்கு அளவெடுக்க வந்தனீங்களோ?"

"இல்லை. குடும்பக் கதை வெளியிலை போற பெட்டியை எடு."

"அப்ப தேயிலைப் பெட்டி பழுதோ?"

"பெட்டி திறமான பெட்டி. அதுக்கு வேறை வேலை இருக்கு" என்றார். தம்பிஐயா ஒரு நாளும் தோற்றுப்போய்ச் சாமான் வாங்கினவர் இல்லை.

பொழுது படமுன் அடுக்கி முடித்தார். நிலத்தில் செங்கல் வைத்து அதன் மேல் முதல் பெட்டி. மூலைக்கட்டைக்கு மேல் மூலைக்கட்டை பொருந்த அடுத்தது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் கை நுழைகிற வெளி. சுவரிலும் முட்டவிடவில்லை, யன்னலுக்கும் கதவுக்கும் நடுவே, காற்றுப் போகிற வழியிலேயே மறிப்பு மாதிரி நிறுத்தினார். ஒவ்வொரு பெட்டியிலும் அரைவாசிக்குத்தான் வெங்காயம். ஈரம் பட்டது மேலே, காய்ந்தது கீழே. எல்லாவற்றுக்கும் மேல் பெட்டியில் பெட்டையளின் புத்தகம். அடுக்குக்கு அங்காலே அடுப்படி, இங்காலே படுக்கை. ஒரு அறை இரண்டு அறையானது. இந்தக் கெட்டித்தனம் படித்த எஞ்சினியருக்கு வந்திருந்தால் பேப்பரில் படம் போட்டிருப்பார்கள்.

காலமை பாலேஸ்வரி தோய்ந்த தலையோடு, பூசை முடிந்த கையோடு, வளவைச் சுற்றிக் கதவடிக்கு வந்தாள். அடுக்கைக் கண்டதும் இடுப்பில் கை போனது.

"நான் என்ன சொன்னனான், நீங்கள் என்ன செய்திருக்கிறியள்? மூடியிருந்ததைத் திறந்தெல்லோ வைச்சிருக்கிறியள்."

"பிள்ளை, காலமை பூசை செய்தனீயெல்லே. வெங்காயம் மணந்ததோ?"

பாலேஸ்வரி யோசித்தாள். பொய் சொல்ல ஏலாது, விரதம்.

"இல்லை. இண்டைக்கு மணக்கேல்லைத்தான்."

"இப்ப உள்ளுக்கை வந்து இந்தப் பெட்டியை மணந்து பார்."

"என்னத்துக்கு? நான் விரதம்."

"மூக்குக்கு விரதமில்லைத்தானே. வா."

அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டே கிட்ட வந்தாள். சுவருக்கு மேலாலே அவளுடைய சாம்பிராணிப் புகை நீலமாய் இறங்கி, பெட்டிச் சலாகைக்குள் நுழைந்து, வெங்காயத்தைச் சுற்றி, தெற்குக் கதவால் வளவுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் குனிந்தாள். மணந்தாள். திரும்பவும் மணந்தாள்.

"சாம்பிராணியெல்லோ மணக்குது."

"உன்ரை சாமி ஈசான மூலையிலை. வாடை வாறதும் அந்தப் பக்கத்தாலைதான். காத்து முருகனைக் கும்பிட்டிட்டுத்தான் என்ரை வெங்காயத்துக்கு வருகுது. வெங்காயம் எதிர்க்காத்திலை ஏறி அங்கை போகுமோ? நான் யன்னலையும் கதவையும் பூட்டினதாலைதான் அண்டைக்கு அது வழி தெரியாமல் உன்னட்டை வந்தது."

பாலேஸ்வரி கொஞ்ச நேரம் புகையைப் பார்த்தாள். பிறகு கனகாம்பிகையைப் பார்த்து, "அக்கா, இந்த மனுசனோடை என்னெண்டு காலம் தள்ளினனீ?" என்றாள்.

"தள்ளேல்லை. அவர்தான் என்னையும் சேத்து அடுக்கி வைச்சிருக்கிறார்."

பாலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெங்காயம் அறையிலேயே நின்றது. அடுத்த நாள் அவள் வழமையை விட ஒரு பிடி கூடச் சாம்பிராணி போட்டதைத் தம்பிஐயா கவனித்தார். நாள்தோறும் காலமை கீழ்ப் பெட்டியை மேலே ஏற்றி, மேல் பெட்டியைக் கீழே இறக்கினார். பக்கத்தில் இடம்பெயர்ந்து இருந்த சனம் வந்து பார்த்தது. யாகப்புவின் கிழங்குப் பெட்டிகள் அந்தக் கிழமையே முடிந்துபோயின.

வெறுமையாய்க் கிடந்த தேயிலைப் பெட்டிகளைத் துடைத்துக் காயவைத்து, இரண்டைப் பாலேஸ்வரியிடம் கொடுத்தார். கற்பூரம், சாம்பிராணி, விரதச் சட்டி எல்லாம் அதுக்குள் போனது. எறும்பும் இல்லை, கரப்பானும் இல்லை. "நான் சொல்லேல்லையே, அது திறமான பெட்டியெண்டு" என்றார்.

விரதம் முடித்துப் பாரணை பண்ணின அன்று பாலேஸ்வரி கிண்ணத்தோடு வந்தாள்.

"அத்தான், சம்பலுக்கு நாலு வெங்காயம் தாங்கோ."

"தரேலாது."

"என்ரை வீட்டிலை இருந்துகொண்டு எனக்கே இல்லையோ?"

"உது விதை பிள்ளை. முருகன் வந்து கேட்டாலும் பங்குனிக்கு வரச் சொல்லுவன்."

அவள் முணுமுணுத்துக்கொண்டு சந்தையில் வாங்கினாள். தையில் அவர் நட்டார். புது மண், புதுக் கிணறு. பார்த்தவர்கள் வராது என்றார்கள். முளைத்த முளையைப் பார்த்து அவர்களே வரப்பில் நின்று வாய் பார்த்தார்கள். பங்குனியில் கிண்டின முதல் பிடியை மண் உதறி, தாளோடு கொண்டு வந்து பாலேஸ்வரியின் கையில் வைத்தார் தம்பிஐயா.

அவள் மூக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.

"சாம்பிராணி மணக்கேல்லையே, அத்தான்."

"இது சம்பலுக்கு. மணக்கப்போற விதை இனித்தான் பெட்டிக்கை போகப்போகுது."