பணிஸ் வேகும்வரை

பெரகல சந்தியில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. ஹாலிஎலவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் மண் சரிந்துவிட்டது, தங்கச்சியின் புருஷனைக் காணவில்லை என்றார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் ஒற்றையறைக் காம்பரா வரிசையை லயம் என்போம். அந்த லயத்துக்குத் தண்ணீர் வரும் குழாய் அடைத்துக்கொண்டதென்று மழையோடு மலையேறிப் போனவர் திரும்பவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. தங்கச்சியைப் பார்த்து இரண்டு தீபாவளி ஆகியிருந்தது. வெறுங்கையோடு போகக் கூசியது. முதலாளியிடம் கேட்டு மாவும் சீனியும் ஒரு பொட்டலம் ஈஸ்டும் வாங்கிக்கொண்டேன். பாதை பல இடங்களில் மூடிக் கிடந்ததால் பாதித் தூரம் நடைதான்.

பொழுது சாயப் போய்ச் சேர்ந்தேன். தங்கச்சி அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும், பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு, அவளை ஒட்டி இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் காம்பரா அக்கா சோறும் பருப்பும் மூடி எடுத்து வந்தார். நடந்த பசியில் யோசிக்காமல் கையை நீட்டி வாங்கிவிட்டேன். தங்கச்சி எழுந்து வந்து தட்டை என் கையிலிருந்து எடுத்து அந்த அக்காவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க வீட்ல அடுப்பு எரியுதுக்கா."

அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது. சாவு விழுந்த வீட்டில்தான் எங்கள் ஆட்கள் அடுப்பு மூட்டுவதில்லை. அந்த வீட்டுக்குத்தான் அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவருவார்கள். நான் அதை வாங்கியது, மச்சான் செத்துவிட்டார் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னது மாதிரி.

மறுநாள் ஆண்களோடு நானும் மண் வெட்டப் போனேன். பாதை இல்லாததால் இயந்திரம் வரவில்லை. ஒரு கூடை மண்ணை அள்ளினால் இரண்டு கூடை வழிந்தது. பின்னேரம் லயத்துக்கு வந்தபோது அடுப்பில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சமைக்க ஒன்றும் இல்லாதபோதும் அவள் அதை அணைய விடவில்லை. ரொட்டி விற்கிற பாண் வண்டி வந்து நாலு நாள் என்றாள் பெரியவள். அப்படியென்றால் நான் கொண்டுவந்த மாவில் பணிஸ், அதுதான் இனிப்பு பன், சுடலாம் என்றேன்.

பெரிய அலுமினியச் சட்டியில் மணலைக் கொட்டி, அதன்மேல் தட்டை வைத்து, மூடிமேல் தணல் அள்ளிப் போட்டால், பேக்கரி அடுப்புக்குப் பதில் அதுதான் போறணை. பிள்ளைகள் மாவு பிசைந்தார்கள். தங்கச்சி விறகைத் தள்ளிக் கொடுத்தாள். குளிரில் மாவு சரியாகப் பொங்கவில்லை. கல்லு மாதிரி வந்தது.

"மாமா, பெரகலயிலயும் இதத்தான் சுட்டீங்களா? கடய இன்னும் மூடலயா?" என்றாள் பெரியவள். தங்கச்சியின் வாயோரம் லேசாக அசைந்தது. பணிஸைத் தேத்தண்ணியில் முக்கித் தின்றோம்.

அடுத்த நாள் காலையில் மாவை அடுப்போரம் வைத்துப் பொங்க விட்டேன். நன்றாகப் பொங்கியது. சின்னவள் ஒன்றை மட்டும் பெரிதாக உருட்டி, அது அப்பாவுக்கு என்று தட்டின் நடுவில் வைத்தாள். சட்டியை ஏற்றி, தணலைப் போட்டு, மண் வெட்டக் கிளம்பலாம் என்று நான் எழுந்தபோது மண் வெட்டுகிறவர்களில் ஒருவர் வாசலில் வந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

தங்கச்சி அவரைப் பார்த்தாள். பிறகு அடுப்புக்குத் திரும்பி, எரிந்த கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். காம்பரா முழுக்கப் புகை.

"அம்மா, இன்னும் வேகலம்மா," என்றாள் சின்னவள்.

அதன் பிறகுதான் தங்கச்சி அழுதாள்.

பக்கத்துக் காம்பரா அக்கா உள்ளே வந்து, சேலைத் தலைப்பால் சட்டியைப் பிடித்து, மேலே இருந்த தணலோடு அப்படியே தன் அடுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

மச்சானைக் கொண்டுவந்து கிடத்திய பிறகு, அந்த அக்கா ஒரு தட்டில் பணிஸை அடுக்கித் துணியால் மூடி எடுத்து வந்தார். தங்கச்சி இந்தத் தடவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அக்காவுக்கு இறக்கும் பக்குவம் தெரியாததால் அடிப்பக்கம் கருகியிருந்தது. பெரியவள் கருகலை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்துவிட்டுப் பணிஸைத் தங்கைக்குக் கொடுத்தாள். நடுவில் இருந்த பெரிய பணிஸை யாரும் தொடவில்லை. கடைசியில் தங்கச்சிதான் அதைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கு வந்த துண்டை நான் கருகலோடு தின்றேன்.