உப்புக் கேட்கப் போனவள்

வசேமதாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. அவளுக்கு மட்டுமா, அந்தக் கடலோர ஊரில் யாருக்குமே வராது. சொந்தக்காரர் வந்து உட்கார்ந்து "கெரெகெரே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்பதுகூட அசிங்கம். பாழாய்ப்போன வழக்கம் என்று மனசுக்குள் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை.

தொற்றுநோய் வந்து ஹோட்டலை மூடியதும் அவள் வேலை போனது. பள்ளிக்கூடத்தையும் மூடினார்கள். மகள் அலிசிக்குப் பாடமெல்லாம் போனில்தான். ஊரில் மற்றவர்களிடம் இருப்பதெல்லாம் பேச மட்டுமே லாயக்கானவை, படம் தெரியாது. அந்த ஒரே நல்ல போனைத்தான் நேற்று மாமன் மகன் இலாய்தியா வந்து கேட்டான். அவன் பெண்டாட்டி கெலரா அதே நோயோடு தலைநகரமான சூவாவில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், முகம் பார்த்துப் பேச வேண்டுமாம். கொடுக்காமல் என்ன செய்வாள்?

"இன்னிக்கு மூணு மணிக்குப் பரீட்சைம்மா, போன்லதான். விட்டா நர்சு படிப்பு அவ்வளவுதான்," என்றாள் அலிசி. "நீதானே குடுத்தே, நீயே போய் வாங்கிட்டு வா."

நியாயம்தானே. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது. ஆனால் புதிதாகக் கெரெகெரே கேட்கலாம், கேட்டால் அவனும் தந்தே ஆகவேண்டும். கேட்டே தீருவது என்று விறுவிறுவென்று நடந்தாள்.

இலாய்தியா பாயில் உட்கார்ந்து போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். திரையில் கெலரா.

"அடியே கருவாட்டு மூஞ்சி, சீக்கிரம் வந்து சேரு. நானே சமைச்சு நானே திங்கறதுக்குப் பட்டினி கிடக்கலாம்."

கேலி பேசுகிற கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வசேமதாவைக் கண்டதும் பேச்சு நின்றது. எதற்கு வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

"மூணு மணி தாண்டி அவளுக்குத் தொண்டையில குழாய் போடப்போறாங்களாம்," என்றான் மெதுவாக. "அப்புறம் பேச முடியாது. நீ கேளு, வசே. கேட்டா குடுத்துடறேன்."

மகள் முகம் அவள் கண்முன் வந்து நின்றது.

"கெரெகெரே, மச்சான்," என்றாள். "கொஞ்சம் உப்பு வேணும்."

அவன் அடுப்படியைக் கைகாட்டினான். அவளே போய் அள்ளிக்கொண்டாள்.

வீட்டில் அலிசி தலைவாரி, பள்ளிச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அம்மா கையிலிருந்த உப்பைப் பார்த்தாள். அடுப்பு மேடையில் நிறைந்திருந்த உப்பு டப்பாவையும் பார்த்தாள். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள். மகள் நாலு வார்த்தை திட்டியாவது இருக்கலாம் என்றிருந்தது வசேமதாவுக்கு.