துல்கர்னைன் வீட்டு அஸ்திவாரத்தில் உட்கார்ந்திருந்தவர்

துல்கர்னைன் பாய்க்குப் பானை நிறையத் தங்கம் கிடைத்துவிட்டது என்று தென்காசி முழுக்கப் பேச்சு. டீக்கடையில் ஒரு பானையாக இருந்தது, குற்றாலம் போய்ச் சேருவதற்குள் மூன்றாகிவிட்டது. ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், அதில் ஒன்றுக்குப் பாம்பு காவல் இருந்ததாகவும் சொன்னார்கள். தங்கம் கிடைத்த மனிதர் ஏன் இன்னமும் அதே ஓட்டை ஆட்டோவில் சீசனுக்கு வந்தவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு அதோடு நின்றுபோகுமே.

பேப்பரில் எழுதலாமென்று நான் அந்த ஆட்டோவிலேயே ஏறி, ஆய்க்குடி ரோட்டில் அவர் வீடு கட்டும் மனைக்கு விடச் சொன்னேன்.

"நீங்களும் தங்கம் பாக்கத்தான் வந்தியளா அண்ணாச்சி? வாங்க, காட்டுதேன். பாத்துட்டு நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க. புண்ணியமாப் போவும்."

அஸ்திவாரக் குழியில் ஆள் உயரத்துக்கு ஒரு மண்தாழி நின்றது. ஜேசிபி இடித்ததில் வாய்ப்பக்கம் உடைந்திருந்தது. உள்ளே உட்கார்ந்த வாக்கில் ஓர் எலும்புக்கூடு, அதன் மடியில் இரண்டு சின்னக் கலயங்கள். தங்கம் என்று சொல்ல ஒரு மூக்குத்தித் திருகுகூட இல்லை.

"சவூதிக்காரன் தோண்டுதான், எண்ணெய் வருது. நான் தோண்டுதேன், ஆள் வருதான்" என்றார் பாய்.

அவர் சவூதியில் தண்ணீர் லாரி ஓட்டியவர். முதலில் தங்கைகள் கல்யாணம், பிறகு மகள் கல்யாணம் என்று இளமை முழுக்க அந்த லாரியிலேயே போனது. மிச்சத்தில் வாங்கியது இந்த மனை. இப்போது குடியிருப்பது ஒரு வீட்டு மாடியில். ஏறிப்போக வளைந்த இரும்புப் படி. தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டிவரப் போனபோது, கடையநல்லூர்ச் சம்பந்தி வீட்டில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்: "அந்தப் படியில நெறமாசப் பிள்ளைய ஏத்த முடியாது. வீட்டக் கட்டுங்க, அனுப்புதோம்." தகரம் போட்டாவது ஒரு அறையை முடித்து மகளை அழைத்துவர வேண்டும். அவருக்கும் மனைவி செய்யதலி பாத்திமாவுக்கும் வேறு நினைப்பே கிடையாது.

தாழியைக் கண்டதும் கொத்தனார் மாரிச்செல்வம் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு பாத்தீரா? பொதிகைலேர்ந்து வந்த சித்தரு. செங்கல்ல வைன்னா வைப்பேன். சாமி தலைமேல வைக்கமாட்டேன் பாய்."

மறுநாள் ஜமாத்துப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். மிளகு வாங்க அரபு நாட்டிலிருந்து கப்பலேறி வந்து இங்கேயே மௌத்தான ஒரு அவுலியா, இறைநேசர், என்றார். அடுத்த மனைக்காரர் ஜெனோ, பள்ளிக்கூடத்து வாத்தியார். தாழியின் கழுத்தில் ஒரு கீறல் இருப்பதைக் கண்டுபிடித்து, அது சிலுவை என்றும், உள்ளே இருப்பவர் தோமையாரோடு வந்த சீடர் என்றும் அடித்துச் சொன்னார். அதே கீறலை மாரிச்செல்வம் சூலம் என்றார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அரபி எழுத்து அலிஃப் மாதிரித்தான் தெரிகிறது என்றார். எனக்கு அது ஜேசிபியின் பல் பட்ட இடம் மாதிரி தெரிந்தது. ஆனால் எனக்கு அவ்வளவு பக்தி போதாது.

செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழம் வந்தது. வெள்ளிக்கிழமை ஊதுபத்தி. ஞாயிற்றுக்கிழமை மெழுகுவத்தி. அதற்கடுத்த வாரம் யாரோ ஒரு உண்டியலைச் செங்கல் அடுக்கின்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெரிய மதங்களின் வரலாற்றைப் படிக்கத் தடித்தடியான புத்தகங்களைப் புரட்டி வீணாய்ப் போகிறோம். ஒரு செத்தவர், ஒரு விளக்கு, ஒரு டப்பா. ஆய்க்குடி ரோட்டில் மூன்றும் பதினைந்து நாளில் முடிந்தது. கட்ட வேண்டிய வீடுதான் முடியவில்லை.

பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு ஞாயிறு மாலை, சாரல் விழுந்துகொண்டிருந்தபோது, மூன்று பேரையும் குழிக்கரையில் நிறுத்தினார்.

"உங்காளுதான்னு மூணு பேரும் சொல்லுதியோ. சந்தோசம். யாராவது ஒருத்தர் எடுத்துட்டுப் போங்க. ஆட்டோ வாடகை நான் கேக்கல."

முதலில் பின்வாங்கியவர் மாரிச்செல்வம். "சித்தரு சமாதிய அசைக்கப்படாதுவே. குடும்பத்துக்கு ஆகாது."

"யாரு குடும்பத்துக்கு?"

"அசைச்சவன் குடும்பத்துக்கு."

பெரியவர் தாடியைத் தடவினார். "நம்மாளுன்னா மக்காத் திக்குல கிப்லாவப் பாத்துப் படுத்திருக்கணும் துல்கர்னைன். இவுக உக்காந்துல்லா இருக்காக. யோசிக்கணும்."

"வாத்தியாரே, நீரு?"

"எங்க கல்லறைத் தோட்டத்துல இருக்கவங்களுக்கே எடமில்ல பாய்" என்றார் ஜெனோ. "அதுபோக, ஞானஸ்நான சர்ட்டிபிகேட் கேப்பாவ."

"அப்ப ஊதுபத்திக்கு மட்டும் உங்காளு. எலும்ப அள்ளணும்னா எங்காளா?" என்று பாய் கத்தக் கத்த மூவரும் ஜெனோவின் குடையின்கீழ் ஒன்றாகவே கிளம்பிப் போனார்கள். மத நல்லிணக்கம் என்பதை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான்.

தாழியைக் கண்ட அன்றே பாய் அரசாங்கத்துக்குச் சொல்லியிருந்தார். தொடாதீர்கள் என்ற பதில் உடனே வந்தது. ஆள் வரத்தான் நாளாயிற்று. மகளுக்கு எட்டாம் மாதமும் கழிந்தது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் போனில் கேட்பாள்: "வாப்பா, தகரம் போட்டாச்சா?" அவர் ஒவ்வொரு தடவையும், "இந்தா, முடியப்போவுது மக்கா" என்பார். போனை வைத்துவிட்டுக் குழியைப் பார்த்து அவர் பேசியதை இங்கே அச்சிட முடியாது. உள்ளே இருந்தவர் எந்த மதமானாலும் மனம் நொந்திருப்பார்.

ஆனி கடைசியில் தொல்லியல் துறையிலிருந்து ஒரு அம்மா, வெயில் தொப்பி போட்ட நாலு இளைஞர்களோடு வந்து இறங்கினார். தூரிகையால் கூட்டி, வைக்கோல் சுற்றித் தாழியை வண்டியில் ஏற்றினார்கள். பாய் பக்கத்தில் போய், இவர் யாருடைய ஆள் என்று கேட்டார்.

"ஆய்வு பண்ணித்தான் சொல்லணும். பாத்தா ரொம்பப் பழசு. நபிக்கும் ஏசுவுக்கும் முந்தியே இருக்கலாம். நம்ம ஊரு கோயில் எதுவும் அப்ப இருந்திருக்காது" என்றார் அந்த அம்மா.

ஒரே சொல்லில் மூன்று மதங்களும் ஆளுக்கொரு உறுப்பினரை இழந்தன. துக்கம் கேட்க யாரும் வரவில்லை. மறு செவ்வாய் எலுமிச்சம்பழம் இல்லை. உண்டியல் எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. மாரிச்செல்வம் மட்டும் கரண்டியோடு வந்து, நேற்று விட்ட வேலையைத் தொடர்கிறவர் போல, "சிமெண்டு எங்க பாய்?" என்றார்.

நேரம் கடந்துவிட்டது. மகளுக்குக் கடையநல்லூரிலேயே பிரசவமாயிற்று. சுகப்பிரசவம், ஆண்பிள்ளை. பாட்டனாரும் பாட்டியும் விருந்தாளிகளைப்போல ஆர்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நாற்பது கழிந்துதான் பிள்ளை தென்காசிக்கு வந்தது, பூச்சு காயாத ஒற்றை அறைக்கு.

நான் பிள்ளையைப் பார்க்கப் போனபோது புதுச் சுவரோரம் ஒரு சேவல் கட்டிக்கிடந்தது. செய்யதலி பாத்திமா மெதுவாக விஷயத்தைச் சொன்னார். குழி இருந்த நாட்களில், ஒரு மத்தியானம், யாருக்கும் தெரியாமல் தாழியின் முன்னால் நின்று, "நீ யாரா இருந்தாலும் சரி, எம்மவள நல்லபடியாப் பெத்துப் பொழைக்க விடு. ஒனக்கு ஒரு சேவல் அறுத்துச் சோறாக்கிப் போடுதேன்" என்று நேர்ந்துகொண்டாராம்.

"அல்லாவத் தவிர ஆருட்டயும் கேக்கப்படாதுட்டி" என்றார் பாய்.

"கேட்டாச்சில்லா? வாக்குக் குடுத்தாச்சில்லா? நம்ம வீட்டுக்காக எடத்தக் காலி பண்ணிட்டுப் போயிருக்காவ, பாவம்."

"சரி, அல்லா பேரால பிஸ்மி சொல்லி அறுத்துருதேன்."

வெளியே பூச்சு வேலையிலிருந்த மாரிச்செல்வம் குரல் கொடுத்தார். "அவரு காலத்துல பிஸ்மி ஏது பாய்? அவுக மொறை என்னன்னு தெரியாம அறுத்தா ஏத்துக்க மாட்டாவ."

"அவுக மொறைல அறுத்தா நாங்க திங்கமுடியாதுலே!"

"அறுத்தாலும் எங்கன கொண்டு வைக்க?" என்றார் பாத்திமா. தாழி இருப்பது ஏதோ ஒரு ஊரில், பூட்டிய அறையில். வாசலில் சோற்றை வைத்தால் வாட்ச்மேன் என்ன சொல்வானோ. "அண்ணாச்சி, பேப்பர்ல எழுதுதியளே, அந்த அம்மாட்ட ஒரு வார்த்த கேளுங்க. அவுக கோழி திம்பாவளா மாட்டாவளான்னு."

கேட்டேன். ஆய்வறிக்கை வந்தபிறகு சொல்கிறேன் என்றார் அந்த அம்மா.

சேவலை அதுவரை அறுக்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்று தீர்மானமாகியிருக்கிறது. தின்று கொழுத்து, பிள்ளை கண்ணயரும் நேரம் பார்த்துக் கூவிக்கொண்டிருக்கிறது.