நிரப்பக்கூடாது என்ற கட்டம்

பாளையங்கோட்டையில் ஒரு விவசாயிகள் சங்கத்தின் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர், டெலிபோன் வேலைகளை நான் பார்த்துவந்தேன். ஆற்றுத் தண்ணீரைப் பங்கிடுவது பற்றி அங்கே மாதாமாதம் கூட்டம் நடக்கும். தூரத்து உறுப்பினர்கள் ஊரிலிருந்தே பேசட்டும் என்று வீடியோ கான்ஃபரன்ஸ் மிஷின் ஒன்றை வாங்கினார்கள். பட்டன் போன் வைத்திருப்பவரைக்கூட அது கூட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளும்.

ஆனால் அதற்கு ஒரு சேவைக் குறியீட்டைப் பதிய வேண்டும். மிஷின் வெளியே போன் போடும்போது, இது எந்த வகை அழைப்பு என்று டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லும் எண் அது. அதற்கான கட்டத்தை வெறுமையாக விட்டால் திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். போன்களுக்கு மட்டும் அழைப்பு போகாது.

நான் எக்ஸ்சேஞ்சுக்கு நேரில் போய் எண்ணைக் கேட்டு வாங்கிவந்தேன். பதிய உட்கார்ந்தபோது மேனேஜர் வந்து பக்கத்தில் நின்றார்.

"அந்தக் கட்டத்த சும்மா விட்டுரும்மா."

"போட்டாத்தான சார் போன் போகும்?"

"போகாண்டாம். ஏரல் பக்கத்து ஆளுக லைன்ல வந்தா கூட்டம் நடந்த மாதிரிதான். மெட்ராஸ்ல இருந்து பெரிய அதிகாரி வேற பாத்துக்கிட்டு இருப்பாரு. மிஷின் கோளாறுன்னு சொல்லிக்கிடலாம்."

அவர் கெட்டவர் இல்லை. மேலிடத்துக்குப் பயந்தவர். ஆனால் முந்தின வாரம்தான் ஏரல் பக்கத்து வாழை விவசாயி ஒரு அக்கா பஸ் மாறி மாறி அலுவலகத்துக்கு வந்திருந்தார். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்குத் தண்ணீர் வரவே இல்லை என்று சொல்ல வந்தவரை யாரும் உட்காரக்கூடச் சொல்லவில்லை. கூட்டத்தன்று போன் பண்ணுகிறேன், நீங்களே பேசுங்கள் என்று நான்தான் சொன்னேன். "நெசமா பண்ணுவியா தாயி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"நல்லா இருக்க மிஷினக் கோளாறுன்னு நான் சொல்ல மாட்டேன் சார்."

"ஒன்னய யாரும் சொல்லச் சொல்லல. நீ சும்மா இருந்தாப் போதும்."

அந்தச் சும்மா இரு என்ற பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணைப் பதிந்தேன். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவருடைய நம்பரையே போட்டேன். அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

"எடுத்துப் பாருங்க சார், நல்லாக் கேக்கும். அந்தக் குறியீட்ட அழிக்கணும்னா எழுதிக் குடுங்க, அழிச்சிருதேன்."

அவர் போனை அணைத்துவிட்டுப் போனார். எழுதித் தரவில்லை.

கூட்டத்தன்று திரையில் மெட்ராஸ் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கடைமடை நிலவரம் என்ன என்று அவர் கேட்டதும் மேனேஜர் தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார். நான் ஏரலுக்குப் போனைப் போட்டேன். மணி அடிப்பது மண்டபம் முழுக்கக் கேட்டது. அப்புறம் அந்த அக்காவின் குரல்.

"ஐயா, தண்ணி தொறந்தாச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்காம். எங்க வாய்க்கால்ல ஆடு மேயுது. ஒரு ஆள அனுப்பிப் பாருங்க."

மண்டபத்திலிருந்த ஒருவர், "பைய பேசுங்கம்மா, சத்தம் போடாதீங்க" என்றார்.

"இம்புட்டு நாளும் பையத்தான் பேசுனோம். வாழையெல்லாம் வாடிப்போச்சு."

அதிகாரி அவரை முழுதாகப் பேசவிட்டார். வாய்க்காலை நேரில் போய்ப் பார்க்க உத்தரவிட்டார். பார்த்தவர்கள் மேல்மடைகள் அடைக்கப்படாமலே கிடந்து தண்ணீரெல்லாம் அங்கேயே தீர்ந்துபோவதைக் கண்டார்கள். முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். வாழையில் கொஞ்சம் பிழைத்தது. நிறையப் போய்விட்டது.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று மேனேஜரே வந்து சொன்னார். தெரிந்துதான் செய்தேன், இனியும் செய்வேன் என்று எழுதிக் கொடுத்தேன். மணிமுத்தாறு பக்கத்தில் இருக்கும் விதைக் கிடங்குக்கு என்னை மாற்றினார்கள். மெட்ராஸ் அதிகாரியே அந்த லைனில் கேட்டுவிட்டதால், குறியீட்டில் மட்டும் அவர்களால் கை வைக்க முடியவில்லை. இப்போது கூட்டம் தொடங்கியதும் உறுப்பினர்கள் முதலில் ஏரல் லைனைத்தான் கேட்கிறார்களாம்.

கிளம்புகிற அன்று மேனேஜர் வாசல் வரை வந்தார். "இதெல்லாம் ஒனக்குத் தேவையாம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"தேவைதான் சார்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தேன்.